பெயரில்லாத டப்பா கிரீமும் நுரைக்கும் சிறுநீரும்

கேள்வி: எனக்கு வயது 29. தென் மாவட்டம் ஒன்றில் தனியார் பள்ளி ஆசிரியை. ஏழெட்டு மாதங்களாக பியூட்டி பார்லரில் வாங்கிய ஒரு நைட் கிரீமை முகத்தில் போட்டு வருகிறேன். வெள்ளை டப்பா, மேலே ஸ்டிக்கரில் ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டே வாரத்தில் முகம் நன்றாக வெளுத்தது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பருக்கள் வருகின்றன. ஒரு மாதமாகக் கால் வீங்குகிறது, சிறுநீரிலும் நுரை தெரிகிறது. நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பதால்தான் வீக்கம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பார்லர் அக்காவோ, 'இது முழுக்க ஹெர்பல், பாராபென் கிடையாது' என்கிறார். எனக்கு ஷாம்பு, சோப்பில் இருக்கும் பாராபென், சல்பேட் மேல்தான் பயம். அவற்றை மாற்ற வேண்டுமா? அடுத்த மாதம் கெரட்டின் டிரீட்மென்ட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை என்னுடன்தான் தூங்குகிறது; அம்மா அதற்குச் சுர்மா வைக்கிறார். இன்னொரு குழந்தைக்கும் யோசித்து வருகிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கிரீமை இன்று இரவிலிருந்து போடாதீர்கள். நாளைக் காலை முதல் சிறுநீரை ஒரு லேபில் கொடுத்துப் புரதம் போகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள். ஷாம்புவைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதில் அவசரம் எதுவும் இல்லை.

கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விஷயங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து வருபவை: லேபிள் இல்லாத டப்பா, இரண்டு வாரத்தில் வெளுப்பு, நிறுத்தினால் எரிச்சல், பிறகு வீக்கமும் நுரையும். இரண்டு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் மூலிகை எதுவும் கிடையாது. தோலின் மேலடுக்கு புதுப்பிக்கவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். மருத்துவர் எழுதித் தரும் முறையான மருந்துக்கும் நிறம் மாற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதைவிட வேகமாக ஒரு கிரீம் வேலை செய்தால், அதில் இரண்டு பொருள்களில் ஒன்றையோ இரண்டையுமோ சந்தேகப்பட வேண்டும்: வீரியமான ஸ்டீராய்டு, பாதரசம்.

ஸ்டீராய்டு என்றால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்றவை. தோலின் ரத்தக் குழாய்களை இவை சுருக்குவதால் முகம் உடனே வெளுத்துத் தெரியும். பரு, அரிப்பு, சிவப்பு எல்லாம் அமுங்கிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், குழாய்கள் விரிந்து சிவப்பு நரம்புகளாகத் தெரியும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தியதும், அதுவரை அடங்கியிருந்த அழற்சி முன்பைவிடப் பலமாகத் திரும்பும். இரண்டு நாள் விட்டால் முகம் எரிவது இதனால்தான். கிரீம் இல்லாமல் முகம் கெட்டுவிடுகிறது என்று நினைத்து மீண்டும் போடுவார்கள், எரிச்சல் அடங்கும், கிரீம் நல்லது என்ற நம்பிக்கை உறுதியாகும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்நிலையை 'ஸ்டீராய்டு பாதித்த முகம்' என்று 2008 முதல் தனியாகப் பெயர் சொல்லியே எழுதி வருகிறார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் பல ஸ்டீராய்டு கிரீம்கள் அட்டவணை எச்-இல் தெளிவாகச் சேர்க்கப்பட்டன. அப்படியும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கிறது. பார்லரில் அதையே வேறு கிரீமோடு குழைத்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பதும் நடக்கிறது.

பாதரசம் இதைவிடக் கவலைக்குரியது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும்; அது வேலை செய்யத் தாமிரம் வேண்டும். அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்வதால் மெலனின் உற்பத்தி நின்றுபோகிறது. விலை குறைவு, பலன் வேகம் என்பதால் கள்ளத்தனமாகக் கிரீம் செய்கிறவர்கள் இதை விடுவதில்லை.

அளவைச் சொன்னால் விஷயம் புரியும். இந்திய அழகுசாதன விதிகள், 2020-இன்படி கிரீமில் தற்செயலாகக் கலந்திருக்கக்கூடிய பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணைச் சுற்றிப் போடும் பொருள்களுக்கு மட்டும், கெடாமல் காக்கும் பொருளாக 70 பங்கு வரை அனுமதி உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட கிரீமை ஓர் இரவுக்கு அரை கிராம் போட்டால் முகத்தில் படும் பாதரசம் அதிகம் போனால் அரை மைக்ரோகிராம். கள்ளக் கிரீம்களில் ஒரு சதவீதம், அதற்கு மேலும்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு சதவீதக் கிரீம் அரை கிராம் என்றால் 5 மில்லிகிராம் பாதரசம். அனுமதித்த அளவைப் போல் பத்தாயிரம் மடங்கு. இதை ஏழெட்டு மாதம் ஒவ்வோர் இரவும் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது, ஆவியாகி மூச்சிலும் போகிறது. உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி தங்குவது சிறுநீரகத்தில்தான்.

அங்கே அது என்ன செய்கிறது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு, வழக்கமாக அபூர்வமாகவே காணப்படும் நெல்-1 (NELL-1) என்ற வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் போட்டவர்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் எதிர்ப்புப் புரதங்கள் படிந்து, ரத்தத்திலுள்ள அல்புமின் சிறுநீரில் ஒழுகுவதுதான் இந்த நோய். அல்புமின் கலந்த சிறுநீர் நுரைக்கும்; ரத்தத்தில் அல்புமின் குறைந்தால் திசுக்களில் நீர் தேங்கிக் கால் வீங்கும். மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததற்கும் காரணம் அவர்கள் பகிர்ந்து போட்ட ஒரு கிரீம்தான் என்று பின்னர் தெரியவந்தது.

இதில் ஆறுதலான செய்தி, கிரீமை நிறுத்தினாலே பெரும்பாலானவர்களுக்குப் புரதம் ஒழுகுவது சில மாதங்களில் குறைந்துவிடுகிறது என்பது. அதனால்தான் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

நின்று வேலை செய்வதால் வரும் கால் வீக்கம் மாலையில் வந்து, படுத்து எழுந்தால் காலையில் வடிந்திருக்கும். சிறுநீரக வீக்கமானால் காலையில் கண் இமையும் முகமும் உப்பியிருக்கும். கணுக்கால் எலும்புக்கு மேல் விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். சிறுநீர் வேகமாக விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் நுரை வரும், ஆனால் அது சீக்கிரம் அடங்கிவிடும். சில நிமிடம் அடுக்கடுக்காக நிற்கும் நுரை அப்படியல்ல. இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்த்துவிட்டு டெஸ்ட் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டிய டெஸ்டுகளில் முதல் வகை எந்த ஊர் லேபிலும் கிடைக்கும். அரசு மருத்துவமனையிலும் செய்யலாம். காலை முதல் சிறுநீரில் அல்புமின், அதோடு புரத–கிரியேட்டினின் விகிதம். இந்த விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐ நெருங்கினால் அதே வாரத்தில் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். 0.2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும், ஓரிரு வாரம் தாமதமானால் பரவாயில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின், அல்புமின், கொலஸ்ட்ரால், சர்க்கரை. கூடவே ரத்த அழுத்தம். மாதவிடாய் நாட்களில் சிறுநீர் கொடுத்தால் ரத்தம் கலந்து முடிவு குழப்பும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வகை, பாதரச அளவு. இதைப் பெரிய ஊர் லேபுகளே செய்யும். சிறிய லேபுகள் மாதிரியை வாங்கி அனுப்பி வைக்கும். கிரீமில் இருப்பது பெரும்பாலும் பாதரச உப்பு என்பதால் ரத்தத்தைவிடச் சிறுநீர்ப் பரிசோதனைதான் அதைச் சரியாகக் காட்டும். ரத்தமும் எடுக்கச் சொன்னால் அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே மீன், இறால், நண்டு சாப்பிடாதீர்கள். கடல் உணவிலுள்ள பாதரசம் ரத்த அளவைக் கூட்டிக் காட்டிவிடும். 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் போவது அனைத்தையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, லேப் கொடுக்கும் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடிக்கக் கூடாது. பாத்திரத்தைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். விரலிலோ நகக்கண்ணிலோ ஒட்டியிருக்கும் கிரீம் துளி பாத்திரத்தில் பட்டால் இல்லாத அளவெல்லாம் காட்டும். இந்தக் கிரீம்களைத் தொடாதவர்களுக்குச் சிறுநீரில் பாதரசம் பொதுவாக லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். 20-ஐத் தாண்டினால் வெளியிலிருந்து பாதரசம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஆனால் கிரீமை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து எடுத்தால் அளவு இறங்கியிருக்கும், சிறுநீரகப் பாதிப்பு மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும். ஆகவே டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாதரசம் குறைவு என்ற முடிவை மட்டும் வைத்து நிம்மதியும் அடையாதீர்கள்.

சிறுநீரக மருத்துவரிடம் போகும்போது டப்பாவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதம், ஒரு டப்பா எத்தனை நாள் வந்தது, கழுத்துக்கும் கைக்கும் போட்டீர்களா என்று எழுதிக்கொண்டு போங்கள். கிரீம் போடுவதை அவராகக் கேட்கமாட்டார், நாமாகச் சொல்லவும் கூச்சப்படுவோம். கோட்டக்கல்லில்கூட நோயாளிகளைத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. புரதம் அதிகம் ஒழுகினால் சிறுநீரகத் திசுவை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதில் நெல்-1 என்று வந்தால் கிரீமையோ பாதரசம் கலந்த நாட்டு மருந்தையோ சந்தேகிக்க வலுவான காரணம் கிடைத்துவிடும். தேவையில்லாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் ஆரம்பிக்காமல் தப்பிக்கலாம்.

அதுவரை சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தொடாதீர்கள், அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பாதரசத்தை 'இறக்குகிறேன்' என்று சொல்லும் டீடாக்ஸ் பானம், பொடி, கஷாயம் எதுவும் வேண்டாம். பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து மருத்துவத்தில் உண்டு. அது தேவையா என்பதை அளவைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடும் தலைவலி விடாமல் இருந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அல்புமின் குறைந்தவர்களுக்கு ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் ஆபத்து உண்டு.

இனி குழந்தை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் 2010-இல் இத்தகைய கிரீம் போட்டவர்களின் வீடுகளை ஆராய்ந்தபோது, கிரீமைத் தொடாத வீட்டாரிடமும் குழந்தைகளிடமும் பாதரசம் கூடுதலாக இருந்தது. தலையணை உறை, துண்டு, அம்மாவின் கன்னம், கை எல்லாம் வழி. அதனால் உங்களோடு குழந்தையின் சிறுநீரையும் பாதரசத்துக்குக் கொடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவது, காரணமில்லாத சிணுங்கல், அதிக வியர்வை, கால் வலி என்று அழுவது, ரத்த அழுத்தம் கூடுவது இவையெல்லாம் குழந்தைகளில் பாதரசத்தின் அடையாளங்கள். பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் பாதரச உப்பு இருந்த காலத்தில் இதே நோய் பரவலாக இருந்தது. 1950-களின் நடுவில் அந்தப் பொடிகள் நிறுத்தப்பட்டதும் நோயும் காணாமல் போனது.

தலையணை உறை, முகம் துடைத்த துண்டு, இரவு உடை ஆகியவற்றைக் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கிரீம் ஊறிய தலையணையையும் துண்டையும் பை கட்டி அப்புறப்படுத்துவதே நல்லது. டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மிச்சக் கிரீமைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், எரிக்கவும் கூடாது. சூடு பட்டால் பாதரசம் ஆவியாகிவிடும். குழந்தைக்கு எட்டாத இடத்தில், இறுக மூடிப் பைக்குள் வையுங்கள். அந்த டப்பா பிறகு தேவைப்படும். எதற்கு என்று கீழே சொல்கிறேன். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நிறுத்திய மூன்று நான்கு நாளில் சிவக்கும், எரியும், சீழ்ப் பருக்கள் வரலாம், தோல் உரியலாம். முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும். முழுதாகத் தெளிய சில மாதம் ஆகும். வெறும் ஸ்டீராய்டு கிரீமாக இருந்தால் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தச் சொல்வோம். உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அப்படிக் குறைக்க இடமில்லை. குறைத்துப் போடும் ஒவ்வோர் இரவும் பாதரசம் போய்க்கொண்டே இருக்கும். ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு எழுதி அதைப் படிப்படியாக இறக்கலாம். அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு, சிலருக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பார். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, கர்ப்பமாக வாய்ப்பு உண்டா என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்; டாக்சிசைக்ளினும், கரும்புள்ளிக்குக் கொடுக்கும் டிரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் போன்றவையும் அந்தச் சமயத்தில் கூடாது. கழுத்து, கை, உடம்பென்று கிரீமைப் பரவலாகப் போட்டிருந்து, நிறுத்தியபின் எழுந்தால் மயக்கம், கடும் சோர்வு, வாந்தி வந்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும். கண்ணைச் சுற்றிப் போட்டிருந்தால் கண் அழுத்தமும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது சொற்பம்தான். நுரை குறைந்த, வாசனை சேர்க்காத கிளென்சரால் இருவேளை கழுவி, ஈரம் உலரும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எரிந்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். வெயிலுக்கு இப்போது குடையே போதும். எரிச்சல் தணிந்ததும் துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் முழுதாகப் போடுங்கள். எலுமிச்சை, கடலைமாவு தேய்ப்பு, பிளீச், ஃபேஷியல் எதுவும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். தோல் கொஞ்சம் கறுத்துத் தெரிவது உங்கள் நிறம் திரும்புவதுதான். அதைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால் மறுபடி டப்பாவைத் தேட வேண்டாம். பார்லரில் மாற்றாகக் குளுட்டதயோன் ஊசி போடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

அடுத்த குழந்தைக்கான யோசனையைச் சற்று ஒத்தி வையுங்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாய்ப்பாலிலும் வரும். உடம்பிலிருக்கும் பாதரச உப்பு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். அப்படி நான்கு முறை பாதியானால்தான் பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கும், அதாவது எட்டு மாதம். பாதரச அளவு இறங்கி, சிறுநீரில் புரதமும் நின்று, ரத்த அழுத்தம் சரியான பிறகு முயலுங்கள். இதோடு இன்னொன்று: புரத ஒழுக்கைக் குறைக்க ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் எழுதுவார்கள். அவை கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவற்றைச் சாப்பிடும் காலத்தில் கருத்தடை முறை கட்டாயம். நாள் தள்ளிப்போனால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கெரட்டின் டிரீட்மென்ட்டை ரத்து செய்யுங்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை. முடியை நேராக்கும் திரவங்கள் பலவற்றில், சூடான இஸ்திரி படும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். 'ஃபார்மலின் இல்லை' என்று விற்பவற்றில் அதற்குப் பதிலாகக் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கலாம். 26 வயதுப் பெண் ஒருவருக்கு, இந்த அமிலம் சேர்ந்த சிகிச்சை செய்த மூன்று முறையும் சிறுநீரகம் திடீரென்று பாதித்ததை 2024-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தலைத்தோல் வழியாக ஏறிய அமிலம் உடம்பில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது என்பதை எலிகளிலும் பார்த்தார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களே யோசிக்க வேண்டிய விஷயம் இது. உங்களுக்கு இப்போது கட்டாயம் கூடாது.

பாராபென் பற்றி. இது கெடாமல் வைக்கும் பொருள். தண்ணீர் கலந்த எந்தக் கிரீமும் ஷாம்புவும் இப்படி ஒன்று இல்லாவிட்டால் சில வாரங்களில் கிருமி வளர்ந்து கெட்டுவிடும். அந்தக் கிருமி கண்ணிலும் புண்ணிலும் பட்டால் உண்மையான ஆபத்து. சில பாராபென்களுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற மிக மெல்லிய செயல்பாடு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து வகைகளைத் தடை செய்தது. மீதியுள்ளவற்றில் ஒரு வகைக்கு 0.4 சதவீதம், மொத்தத்தில் 0.8 சதவீதம் என்று வரம்பு உண்டு; பியூட்டைல், புரோப்பைல் வகைகளுக்கு இன்னும் குறைத்து 0.14 சதவீதம். இந்த அளவுக்குள் இருந்து, தேய்த்துக் கழுவிவிடும் ஷாம்புவில் கவலைப்பட வேண்டியதில்லை. சல்பேட் புற்றுநோய் தராது. எண்ணெய்ப் பசையை அதிகம் எடுத்து வறட்சியும் எரிச்சலும் தரும், அவ்வளவே. உங்கள் முகம் இப்போது புண்ணாக இருப்பதால், ஷாம்பு நுரை முகத்தில் வழியாமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். ஷாம்புவை மாற்றத் தேவையில்லை.

எனக்கு வருத்தம் தருவது, இந்தப் பயத்தைப் பயன்படுத்தியே 'பாராபென் இல்லை, ஹெர்பல்' என்று சொல்லி அந்த டப்பாவை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான். ஹெர்பல் என்ற வார்த்தை பாதரசம் இல்லை என்பதற்கு உத்தரவாதம் அல்ல. நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் ரசம், சாதிலிங்கம், பூரம், வீரம் என்று பாதரசப் பொருள்கள் காலங்காலமாக இருந்துவருபவை. பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டவர்களிடமும் இதே நெல்-1 சிறுநீரக நோயைக் கண்டு, சென்னையிலிருந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனிமேல் எது வாங்கினாலும் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பட்டியலில் மெர்குரி, கலோமெல், சின்னபார் என்று இருந்தால் வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் பாருங்கள் என்ற எச்சரிக்கை இருந்தாலும் அப்படியே. உலோகத்தோடு சேரும் பாதரசத்தின் அடையாளம் அது. லேபிள் நன்றாக இருந்தாலும் தெரியாத வழியில் வந்தது வேண்டாம். 2019-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு பெண், பிரபல நிறுவனப் பெயர் ஒட்டிய டப்பாவில் யாரோ கலந்து விற்ற கிரீமால் நினைவு மங்கிய நிலைக்குப் போனார். அதில் இருந்தது மூளையைத் தாக்கும் மெத்தில் பாதரசம்.

அம்மா வைக்கும் சுர்மாவையும் நிறுத்துங்கள். சுர்மாவில் எடையில் பாதிக்கு மேல்கூட ஈய சல்பைடு இருப்பதுண்டு. குழந்தை கண்ணைக் கசக்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். ரத்தத்தில் ஈய அளவை ஒரு முறை பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணத்தைத் தேடி நீக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச் சத்து குறைந்த குழந்தைக்கு ஈயம் அதிகமாக ஏறும், ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பொட்டு வைக்க ஆசையென்றால் உரிம எண் உள்ள மையைக் கன்னத்திலோ காலிலோ வைக்கலாம், கண்ணுக்குள் வேண்டாம்.

டப்பாவை ஏன் வைக்கச் சொன்னேன் என்றால், மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இன் 26-ஆம் பிரிவு, ஒரு பொருளை வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் டப்பா, வாங்கிய தேதி, பணம் அனுப்பிய ரசீது அல்லது வாட்ஸ்அப் செய்தி, லேப் முடிவு ஆகியவற்றின் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் கோட்டக்கல் விஷயம் வெளிவந்த ஆண்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்து உரிமம் இல்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தது. புகார் வந்தால்தான் இங்கும் அது நடக்கும். பார்லர் அக்காவுக்கே அந்த டப்பாவில் இருப்பது தெரியாமல் இருக்கலாம். அவரும் அதைப் போடுகிறாரா என்று கேளுங்கள். அதே டப்பாவை வாங்கும் உங்கள் பள்ளித் தோழிகளிடம் நாளைக்கே சொல்லுங்கள். அவர்களும் ஒரு முறை சிறுநீரில் அல்புமின் பார்த்துக்கொள்ளட்டும்.